இரண்டு எண்கள் சமமாவது எப்போது?

வட இந்திய நகரம் ஒன்றிலுள்ள தமிழ்ச் சங்கத்தின் நூல் நிலையத்தில் சில ஆண்டுகளுக்கு முன் எழுந்த ஒரு மனத்தாங்கலை முதலில் கூறிவிடுகிறோம். சங்கத்தின் பெயர் வேண்டா. சொந்த ஊரை விட்டு ஆயிரம் கல் தொலைவில் வாழ்வோர்க்கு, ஞாயிறு மாலையில் நாலு தமிழ் நூல்களைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்க்க ஓர் இடம் இருப்பது எத்தகைய ஆறுதல் என்பதை நேயர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

அந்நூல் நிலையத்தில் பல்லாண்டுகளாக ஒரு தடித்த பேரேடுதான் வழக்கத்தில் இருந்தது. யார், எந்த நூலை, எந்நாளில் எடுத்துச் சென்றார் என்பதெல்லாம் அதில் மையினால் எழுதப்படும். மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் இளைஞர் ஒருவர், சங்கத்தின்மீது கொண்ட பற்றினால், இந்த வேலையைக் கணிப்பொறியே செய்யும்படி ஒரு நிரல் எழுதிக் கொடுக்க முன்வந்தார். நிரல் என்பது கணிப்பொறிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைகளின் கோவை. ஊதியம் ஏதும் பெறாமல், இரவில் விழித்திருந்து, ஜாவா என்னும் மொழியில் அவர் அதை எழுதினார். உறுப்பினர் அனைவருக்கும் ஒன்று முதல் புதிதாக வரிசை எண்கள் தரப்பட்டன. பேரேடு அலமாரிக்குச் சென்றது. சில மாதங்கள் யாதொரு குறையுமின்றிக் கழிந்தன.

பின்னர் விந்தையான ஒரு முறையீடு எழுந்தது. நூலைத் திருப்பிக் கொடுக்க வரும் சிலரிடம், 'இந்நூல் தங்கள் பெயரில் இல்லை' என்று கணிப்பொறி மறுமொழி கூறலாயிற்று. எல்லோரிடமும் அன்று, அண்மையில் அந்நகருக்கு மாற்றலாகி வந்து, புதிதாகச் சேர்ந்தவர்களிடம் மட்டும். நெடுநாளைய உறுப்பினர்கள் கொண்டுவரும் நூல்களை அது முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது. புதியவர்களுக்கென்று மேசைமேல் ஒரு தனிக் குறிப்பேடு வைத்து, நூல்களைக் கையால் எழுதி வாங்கினார்கள். அது புண்ணில் புளியைக் கரைத்து ஊற்றியது போலாயிற்று. 'பழையவர்களுக்கு ஒரு நியாயம், வந்தேறிகளுக்கு ஒரு நியாயமா?' என்று செயற்குழுக் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டுவிட்டார். பிழைக்க வந்த ஊரில் அயலார் நம்மை வேற்றாராகக் கருதினால் பொறுத்துக்கொள்ளலாம். நம்மவரே அவ்வாறு கருதினால்? ஒரு குடும்பம் சங்கத்திற்கு வருவதையே நிறுத்திக்கொண்டது.

இதற்கிடையில் ஒரு நாள், கோடை விடுமுறையில் ஊர் சென்று திரும்பிய தம்பதியர் நூல்களுடன் வந்தனர். அன்று நாமும் அங்கே இருந்தோம். கணவரின் நூலைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டது. மனைவியின் நூலை மறுத்தது. "தம்பி, அவர் புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறதே உங்கள் பெட்டி? இருவரும் ஒரே நாளில்தானே பெயர் பதிந்தோம்?" என்று அந்த அம்மையார் கேட்டார். தற்செயலாக அங்கிருந்த அவ்விளைஞர் இருவரின் அட்டைகளையும் வாங்கிப் பார்த்தார். கணவரின் எண் 127. மனைவியின் எண் 128. இளைஞர் அவ்விரண்டு எண்களையும் இருமுறை வாய்விட்டுப் படித்தார். பிறகு தம் நெற்றியில் அறைந்துகொண்டார்.

127-க்கும் 128-க்கும் இடையே அப்படி என்ன மதில் எழுந்து நிற்கிறது? இதை அறிய, 'இரண்டு எண்கள் சமம்' என்று நாம் எளிதாகச் சொல்லும் சொற்றொடரைச் சற்று ஊன்றி நோக்க வேண்டும்.

நம் சட்டைப்பையில் இரண்டு பத்து ரூபாய்த் தாள்கள் இருக்கின்றன என்று கொள்வோம். அவை சமமா? கடைக்காரரைக் கேட்டால் சமம் என்பார். எதைக் கொடுத்தாலும் அவர் தரும் சரக்கு ஒன்றே. ஆனால் ஒவ்வொரு தாளிலும் வெவ்வேறு தொடர் எண் அச்சிடப்பட்டிருக்கிறது. களவுபோன தாளைத் தேடும் காவல்துறை அதிகாரிக்கு அவை இரண்டும் ஒன்றல்ல. கடைக்காரர் மதிப்பை ஒப்பிடுகிறார்; அதிகாரியோ, 'இது அதுவேதானா' என்று கேட்கிறார். இரண்டும் நியாயமான கேள்விகளே. ஒரு கேள்வியைக் கேட்பதாக எண்ணிக்கொண்டு மற்றொன்றைக் கேட்டுவிட்டால்தான் இடர்ப்பாடு.

நம் தமிழிலும் இந்த மயக்கம் உண்டு. 'நேற்று நீ உடுத்தியிருந்த அதே சேலையை இன்று கடையில் பார்த்தேன்' என்று ஒருத்தி சொன்னால், சேலை களவுபோய்விட்டது என்று யாரும் பதறுவதில்லை. 'அதே நூலை எனக்குத் திருப்பிக் கொடு' என்றாலோ, வேறொரு படியைக் கொடுத்தால் வழக்குத்தான். மனிதர்கள் இடமறிந்து பொருள் கொள்கிறார்கள். கணிப்பொறிக்கு இடம் அறியும் ஆற்றல் இல்லை. எழுதிய குறி எதைக் கேட்கிறதோ அதற்கு மட்டும் அது விடை கூறும்.

ஜாவா மொழி 1995-ஆம் ஆண்டில் ஸன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. ஜேம்ஸ் காஸ்லிங் என்பவர் அதன் தலைமைச் சிற்பி. இன்றைக்கு அந்த மொழி ஆரக்கிள் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. பெங்களூரிலும் ஐதராபாத்திலும் புனேயிலும் மென்பொருள் பணி செய்யும் நம் இளைஞர்களுள் இம்மொழியில் ஒருமுறையேனும் எழுதாதவர் சிலரே இருப்பர். இது பொருள்நோக்கு மொழி என்னும் வகையைச் சேர்ந்தது. அதாவது, ஒரு செய்தியையும் அதைக்கொண்டு செய்யத்தக்க வேலைகளையும் ஒரே கட்டாகக் கட்டி, அக்கட்டினைப் 'பொருள்' என்று அழைக்கும் மொழி. (பொருள் என்ற சொல்லுக்குச் செல்வம், அர்த்தம் என ஏற்கெனவே பல பொருள்கள், இதுவும் ஒன்று சேர்ந்துகொண்டது.) நூல் நிலையத்தில் ஒவ்வொரு நூலும் ஒரு பொருள், ஒவ்வோர் உறுப்பினரும் ஒரு பொருள்.

எல்லாவற்றையும் பொருளாகவே கருதியிருந்தால் மொழி ஒழுங்காக இருந்திருக்கும். ஆனால் மெதுவாக ஓடியிருக்கும். ஆகவே விரைவை நாடி, எண்கள் முதலிய சிலவற்றை மட்டும் கட்டாமல், வெறுமனே வைத்துக்கொள்ள ஜாவாவை ஆக்கியோர் இடம் தந்தனர். இவ்வாறு ஒரே முழு எண்ணுக்கு அம்மொழியில் இரண்டு உருவங்கள் ஏற்பட்டன. வெறும் எண்ணுக்கு 'இன்ட்' என்று பெயர். கட்டப்பட்ட எண்ணுக்கு 'இன்டிஜர்' என்று பெயர்.

இவ்விரண்டின் வேற்றுமையை மனக்கண்ணில் காண, கணிப்பொறியின் நினைவகத்தை இலக்கமிட்ட வீடுகள் நிறைந்த ஒரு நீண்ட தெருவாகக் கருதுவோம். நிரலில் நாம் ஒரு பெயரைச் சொல்லும்போது, அப்பெயருக்குரிய ஒரு சீட்டு நம் கைக்கு வருகிறது. 'இன்ட்' வகையாயின் அந்தச் சீட்டிலேயே எண் எழுதப்பட்டிருக்கும். 'இன்டிஜர்' வகையாயின் சீட்டில் இருப்பது எண் அன்று. எண் குடியிருக்கும் வீட்டின் கதவிலக்கம். அவ்வீட்டிற்குச் சென்று கதவைத் திறந்தால்தான் உள்ளே இருக்கும் எண் தெரியும்.

இப்போது இரட்டைச் சமக்குறிக்கு வருவோம். கணக்கில் நாம் இடும் சமக்குறியை இருமுறை அடுத்தடுத்து இட்டால், 'இவை இரண்டும் சமமா?' என்று ஜாவாவில் கேட்டதாகும். அந்தக் குறி செய்யும் வேலை மிக எளியது. இரண்டு சீட்டுகளையும் அருகருகே வைத்து, எழுதியிருப்பது ஒன்றா என்று பார்க்கும். அதற்குமேல் ஓரடியும் நடக்காது. வெறும் எண்களாயின், சீட்டில் இருப்பது எண்; ஆகவே விடை சரியாக வரும். கட்டப்பட்ட எண்களாயின், சீட்டில் இருப்பது கதவிலக்கம். ஆகவே 'இரண்டும் ஒரே வீடா?' என்ற கேள்விக்கே விடை வரும். இரண்டு வெவ்வேறு வீடுகளில் 500 என்ற எண்ணே குடியிருந்தாலும் 'சமம் அல்ல' என்றுதான் அக்குறி தீர்ப்புச் சொல்லும்.

அப்படியானால் நூல் நிலையத்தின் நிரல் எல்லா உறுப்பினர்களையுமே மறுத்திருக்க வேண்டும் அன்றோ? முதல் 127 பேரை அது ஏன் ஏற்றுக்கொண்டது? இங்கேதான் கதையின் முடிச்சு இருக்கிறது.

நூல் நிலையத்தின் அகராதியை நினைத்துப் பாருங்கள். அதை யாருக்கும் வீட்டிற்குக் கொடுப்பதில்லை. படிப்பறையில் ஒரு படி இருக்கும். யார் கேட்டாலும் அந்த ஒரு படியையே சுட்டிக்காட்டுவார்கள். அடிக்கடி வேண்டப்படும் ஒன்றை ஆளுக்கொரு படியாக அச்சிட்டுக் கொண்டிருப்பதில் பயனில்லை. ஜாவாவும் சிறிய எண்களை இவ்வாறே நடத்துகிறது. நிரல்களில் சுழியம், ஒன்று, இரண்டு, பத்து போன்ற சிறு எண்கள் அளவின்றிப் பயிலுகின்றன. ஒவ்வொரு முறையும் அவற்றிற்குப் புதிய வீடு கட்டுவது வீண் செலவு. ஆகையால் -128 முதல் 127 வரை உள்ள 256 எண்களுக்கு முன்கூட்டியே ஆளுக்கொரு வீடு கட்டி வைத்துக்கொண்டு, யார் 42 என்ற எண்ணைக் கட்டித் தருமாறு கேட்டாலும் அந்த ஒரே வீட்டின் இலக்கத்தைக் கொடுக்கிறது. 128 என்று கேட்டால், கேட்கும் ஒவ்வொரு முறையும் புதிய வீடு ஒன்றைக் கட்டுவதே அதன் வழக்கம்.

256 என்ற எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்று சிலர் வினவக்கூடும். கணிப்பொறியின் மிகச் சிறிய கணக்குப் பெட்டியான பைட் என்பதில் எட்டு இடங்கள்; ஒவ்வோர் இடத்திலும் சுழியமோ ஒன்றோ நிற்கலாம். எனவே 256 வகைச் சேர்க்கைகள். அவற்றில் பாதியைக் குறை எண்களுக்கு ஒதுக்கினால் -128 வரை செல்லும். மறுபாதியில் சுழியத்திற்கு ஓரிடம் போக, 127-உடன் முடியும். தம்பதியரைப் பிரித்த மதில் இதுவே. கணவரின் எண் படிப்பறை அகராதி. மனைவியின் எண் ஒவ்வொரு முறையும் புதிதாக அச்சாகும் படி.

நூலின் குறிப்பில் 'எடுத்தவர் எண்' என்றொரு சீட்டு. அட்டையைக் காட்டுகையில் 'வந்தவர் எண்' என்றொரு சீட்டு. இரண்டும் இன்டிஜர் வகை. இளைஞர் இவ்விரண்டையும் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டிருந்தார். 127 வரை இரு சீட்டுகளிலும் ஒரே கதவிலக்கம் இருந்ததால் விடை சரியாகவே வந்தது. அவர் கேட்டது தவறான கேள்வி. வந்தது சரியான விடை. எழுதி முடித்ததும் தம் எண்ணையும் நண்பர்களின் எண்களையும் இட்டுச் சோதித்துப் பார்த்திருக்கிறார். அவை அனைத்தும் சிறிய எண்கள். சோதனை செய்கிறவர் கை இயல்பாக ஐந்தையும் பத்தையும்தான் தட்டுகிறது. 74,316 என்று யார் தட்டுகிறார்கள்?

இதில் வரலாற்றுச் சிறுகுறிப்பு ஒன்று உண்டு. 2004-ஆம் ஆண்டில் ஜாவாவின் ஐந்தாம் பதிப்பு வெளிவருவதற்கு முன், வெறும் எண்ணைக் கட்டுவதும் கட்டை அவிழ்ப்பதும் நிரல் எழுதுவோரின் கைவேலையாக இருந்தன. கட்ட வேண்டிய தேவையும் அடிக்கடி நேர்ந்தது. ஏனெனில் பட்டியல் முதலான தொகுப்புகளுக்குள் பொருள்களை மட்டுமே இடலாம். வெறும் எண்ணை இட இயலாது. ஒவ்வொரு முறையும் 'புதிய இன்டிஜர்' என்று எழுதிக் கட்டியதால், ஒவ்வொன்றும் புதிய வீடு. இரட்டைச் சமக்குறி எப்போதும் 'சமம் அல்ல' என்றே கூறியது. பிழை முதல் சோதனையிலேயே பல்லைக் காட்டிவிடும். ஐந்தாம் பதிப்பு, கட்டுவதையும் அவிழ்ப்பதையும் தானே செய்துகொள்ளும் வசதியைத் தந்தது. எழுதுவோருக்குச் சுமை குறைந்தது. ஆனால் கட்டு என ஒன்று இருப்பதே கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று. சிறு எண்களுக்கான பொது வீடுகளும் அப்போதுதான் மொழியின் இலக்கணத்தில் இடம் பெற்றன. எப்போதும் தவறாக வரும் விடை நல்லாசிரியனைப் போன்றது. சிறு எண்களுக்குச் சரியாகவும் பெரிய எண்களுக்குத் தவறாகவும் வரும் விடையோ, மாதக்கணக்கில் உடனிருந்து ஒரு நாள் காலை வாரிவிடும் துணைவனைப் போன்றது. அவ்வசதியை நாம் குறை கூறவில்லை. அதன் விலையைக் கூறுகிறோம்.

இந்த 127 என்ற எல்லையைக்கூட, நிரலை இயக்கத் தொடங்கும்போது ஒரு சிறு கட்டளையினால் மேலே உயர்த்திவிட முடியும். ஆகவே ஒரு கணிப்பொறியில் ஆயிரம் வரை சரியாக நடக்கும் அதே நிரல், மற்றொன்றில் 128-லேயே இடறி விழலாம். எல்லையை உயர்த்திப் பிழையை மறைத்துவிடலாம் என்று யாரேனும் யோசனை கூறினால் கேட்க வேண்டா.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லியாக வேண்டும். 'சிறியது', 'பெரியது' என்னும் குறிகள் வேறு வகையாக நடந்துகொள்கின்றன. கதவிலக்கங்களுள் சிறியது பெரியது பார்ப்பதில் அர்த்தமில்லை என்பதால், அக்குறிகள் வீட்டிற்குள் சென்று எண்ணையே எடுத்துப் பார்க்கும்படி மொழி விதித்திருக்கிறது. இதன் விளைவைப் பாருங்கள். 500 என்ற எண்ணைத் தனித்தனியே இருமுறை கட்டிவைத்து ஜாவாவிடம் கேள்வி கேட்போம். முதலாவது இரண்டாவதைவிடச் சிறியதா? அல்ல. பெரியதா? அல்ல. சரி, சமமா? அதுவும் அல்ல! சிறிதுமன்று, பெரிதுமன்று, சமமுமன்று என்றால் அது என்னதான் என்று தத்துவம் படித்தவர்கள் மகிழக்கூடும். சம்பளப் பட்டியல் போடுகிறவர் மகிழமாட்டார்.

பரிகாரம் கடினமானதன்று. ஒவ்வோர் இன்டிஜர் பொருளுக்கும் 'ஈக்வல்ஸ்' என்றொரு வேலை கற்பிக்கப்பட்டிருக்கிறது. 'உன் வீட்டிலுள்ள எண்ணும் அவர் வீட்டிலுள்ள எண்ணும் ஒன்றா?' என்று ஒரு பொருளைக் கேட்பது அது. இரு கதவுகளும் திறக்கப்பட்டு எண்களே ஒப்பிடப்படும். ஒப்பிடும் இரண்டில் ஒன்று வெறும் எண்ணாக இருந்தாலும் போதும். அப்போது இரட்டைச் சமக்குறி மற்றதன் கட்டை அவிழ்த்து, எண்ணையே பார்க்கும்.

அப்படியானால் எல்லாவற்றையும் வெறும் எண்ணாகவே வைத்துக்கொண்டால் என்ன என்ற கேள்வி எழும். பெரும்பாலான இடங்களில் அதுவே நல்ல வழி. ஆனால் நம் நூல் நிலையத்தையே பாருங்கள். யாரும் எடுத்துச் செல்லாமல் அலமாரியில் இருக்கும் நூலுக்கு 'எடுத்தவர் எண்' என்ன? வெறும் எண்ணாயின் ஏதேனும் ஓர் எண் இருந்தே தீர வேண்டும். சுழியம் என்று எழுதிவைத்தால், சுழியம் என்ற எண்ணுடைய ஓர் உறுப்பினர் எல்லா நூல்களையும் வாரிச் சென்றது போலாகும். இன்டிஜர் வகையிலோ, 'எவருமில்லை' என்பதைக் குறிக்க, கதவிலக்கம் எதுவும் எழுதப்படாத வெற்றுச் சீட்டை வைக்கலாம். அதற்கு 'நல்' என்று பெயர். (நன்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை.) இளைஞர் இன்டிஜரைத் தேர்ந்தது இந்தக் காரணத்தினால்தான்; அதில் பிழையில்லை.

ஆனால் வெற்றுச் சீட்டை வைத்துக்கொண்டு வீடு தேடிப் போனால் என்னவாகும்? நிரல் அங்கேயே நின்றுவிடும். இளைஞர் முதலில் செய்த திருத்தத்தில் இதுதான் நேர்ந்தது. நூலை எடுத்தவரின் சீட்டை நோக்கி ஈக்வல்ஸ் கேள்வியைக் கேட்குமாறு எழுதினார். ஒருவர், குறிப்பில் ஏறாமலேயே எப்போதோ எடுத்துச் சென்ற நூலைக் கொண்டுவந்தார். அந்நூலின் சீட்டு வெற்றுச் சீட்டு. கேள்வி கேட்க ஆளில்லாமல் நிரல் படுத்துவிட்டது. கேள்வியைத் திருப்பிப்போட்டு, எதிரில் நிற்கும் உறுப்பினரின் எண்ணை நோக்கிக் கேட்டால் இந்த இடர் இல்லை. அவருக்குக் கட்டாயம் ஓர் எண் இருக்குமல்லவா? எவர் பக்கம் வெற்றுச் சீட்டு வரும் என்று சொல்ல முடியாத இடங்களுக்கென, இரு பக்கமும் பார்த்து ஒப்பிடும் ஒரு பொதுவழியும் 2011-இல் வந்த ஏழாம் பதிப்பில் சேர்க்கப்பட்டது.

எண்ணின் அளவு பற்றியும் ஓர் எச்சரிக்கை. இன்ட் வகை எண் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647-க்கு மேல் செல்லாது. நம் நாட்டின் மக்கள்தொகையை அதில் அடக்கலாம். நம் பத்திலக்கக் கைப்பேசி எண்ணை அடக்க முடியாது. பன்னிரண்டு இலக்க ஆதார் எண்ணையும் அடக்க முடியாது. அவற்றை எண்ணாக வைப்பதென்றால் 'லாங்' என்ற பெரிய பெட்டி வேண்டும். அதற்கும் கட்டப்பட்ட உருவம் உண்டு. இங்கே ஈக்வல்ஸ்கூட ஒரு பிடிவாதம் காட்டும். கட்டப்பட்ட இன்டிஜர் ஐந்தையும் கட்டப்பட்ட லாங் ஐந்தையும் ஒப்பிடச் சொன்னால், எண் ஒன்றானாலும் வகை வேறு என்று கூறி, 'சமம் அல்ல' என்று விடை தரும். இரட்டைச் சமக்குறியோ இந்த ஒப்பீட்டைச் செய்யவே மறுத்து, நிரலை எழுதும்போதே பிழை என்று அறிவித்துவிடும். இந்த ஓரிடத்தில் நாம் பழித்த குறியே நல்ல குறியாகிவிடுகிறது.

சமம் பார்ப்பதைப் போலவே வரிசைப்படுத்துவதற்கும் ஒப்பீடு தேவை. அங்கே ஒரு குறுக்குவழி நெடுங்காலமாக வழங்கி வந்தது. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழி. விடை குறை எண்ணானால் முதலாவது சிறியது. பள்ளிக் கணக்கில் இது முற்றும் உண்மை. கணிப்பொறியில் அன்று. ஒருவர் கணக்கில் 200 கோடி வரவு. மற்றொருவர் கணக்கில் 200 கோடி பற்று என்போம். கழித்தால் 400 கோடி வர வேண்டும். அது பெட்டிக்குள் அடங்காது. மோட்டார் வண்டியின் தூரமானி ஒன்பதுகளெல்லாம் நிறைந்தபின் சுழியத்திற்குத் திரும்புவது போல, எண் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், 29 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 என்ற குறை எண்ணாக நிற்கும். வரவு வைத்திருப்பவர் கடன்பட்டவரைவிடக் கீழே வரிசைப்படுத்தப்படுவார். இதற்கும் ஏழாம் பதிப்பிலேயே 'கம்பேர்' என்ற நேர்வழி தரப்பட்டது. அது கழிப்பதில்லை, சிறியதா, பெரியதா என்று மட்டுமே பார்க்கிறது. இத்தகைய சுற்றிக்கொள்ளும் பிழை, ஜாவாவின் சொந்த நூலகத்தில் தேடுதல் செய்யும் பகுதியிலேயே ஒன்பது ஆண்டுகளாக ஒளிந்திருந்ததை, அப்பகுதியை எழுதிய ஜோஷுவா பிளாக் என்னும் அறிஞரே 2006-இல் வெளிப்படையாக எழுதினார். நூல் நிலைய இளைஞர் வெட்கப்படக் காரணமில்லை என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறோம்.

பிற மொழிகள் எப்படி? பைத்தான் மொழியின் பெருவழக்கான உருவிலும் இத்தகைய பொது வீடுகள் உண்டு. நெடுங்காலமாக அவை -5 முதல் 256 வரை. ஆயினும் அங்கே இரட்டைச் சமக்குறி மதிப்பையே ஒப்பிடுகிறது. 'அதுவேதானா' என்று கேட்பதற்குத் தனிச்சொல் ஒன்று இருக்கிறது. அச்சொல்லை எழுதப்பட்ட எண்ணோடு சேர்த்துப் பயன்படுத்தினால், 2019-இல் வந்த பதிப்பு முதல் அம்மொழியே எச்சரிக்கிறது. ஜாவாவுக்குப் பின் தோன்றிய காட்லின் மொழி, மதிப்பைக் கேட்க இரண்டு கோட்டுச் சமக்குறிகளையும், 'அதுவேதானா' என்று கேட்க மூன்றையும் வைத்துக்கொண்டது. அடிக்கடி கேட்கப்படும் கேள்விக்கு எளிய குறியும், அரிதாகக் கேட்கப்படுவதற்கு நீண்ட குறியும் தருவதே முறை என்பது நம் கருத்து. ஜாவா இதைத் தலைகீழாகச் செய்துவிட்டது. கோடிக்கணக்கான வரிகள் எழுதப்பட்டபின் குறியின் பொருளை மாற்ற இயலுமா? எனவே அது வேறு வகையில் சீர்திருத்தம் செய்துவருகிறது. 'புதிய இன்டிஜர்' என்று கையால் கட்டும் பழைய முறை 2017-இன் ஒன்பதாம் பதிப்பில் விலக்கத்தக்கதென அறிவிக்கப்பட்டது. இப்படிப்பட்ட பொருள்களின் தனி அடையாளத்தை நம்பி எழுத வேண்டா என்று பின்வந்த பதிப்புகளும் வற்புறுத்துகின்றன.

நூல் நிலையத்தில் ஒரே ஒரு வரி மாற்றப்பட்டது. அடுத்த ஞாயிறன்று தனிக் குறிப்பேடு மேசையிலிருந்து எடுக்கப்பட்டது. வருவதை நிறுத்திக்கொண்ட குடும்பத்தினரின் வீட்டிற்குச் சங்கத் தலைவரும் இளைஞரும் சென்றார்கள். இன்டிஜர், கதவிலக்கம் என்றெல்லாம் தலைவர் விளக்க முற்பட்டபோது அவ்வீட்டார் நம்பவில்லையாம். இளைஞர் மடிக்கணினியைத் திறந்து, பழைய நிரலில் தலைவரின் எண்ணையே 200 என்று மாற்றி, தலைவர் எடுத்த நூலைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். 'இந்நூல் தங்கள் பெயரில் இல்லை' என்று திரையில் வந்தது. அதன்பிறகுதான் காப்பி வந்தது என்கிறார்கள்.

இப்போது அவ்விளைஞர் ஒவ்வொரு திருத்தத்திற்குப் பின்னும் நான்கு சோதனைகள் செய்கிறார்: 127-ஆம் எண், 128-ஆம் எண், ஐந்து இலக்க எண் ஒன்று, எவரும் எடுக்காத நூல் ஒன்று. 128-ஆம் உறுப்பினரான அந்த அம்மையார் தம் நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிழை திருந்தும்வரை அதை இரண்டாம் முறையும் படித்து முடித்துவிட்டதாகச் சொன்னார்.